சுருதி ஆசிரியர் காதுக்குப் போய்ச் சேரவில்லை: கணினிக்குள் ஒலியைத் திருப்பிவிடுவது பற்றி

கேள்வி – செப்டம்பர் 2, 2024

அண்ணே, என் அம்மா சிங்கப்பூர் ஈசூன் வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் காலை 9.30க்கு இணையம் வழியாகப் பாட்டு கற்கிறார். ஆசிரியர் மாயவரத்தில் இருக்கிறார், அவருக்கு அப்போது காலை 7 மணி. சுருதிக் கோப்பை விஎல்சி என்ற ஒலி ஓட்டும் நிரலில் ஓடவிட்டுவிட்டு, பிரௌசரில் வகுப்பைத் திறக்கிறோம். அம்மாவின் குரல் அங்கே கேட்கிறது, சுருதி கேட்கவில்லை. ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால் ஒரு நொடி கேட்டுவிட்டு மறைந்துபோகிறதாம். விஎல்சியில் வரும் ஒலியை அப்படியே வகுப்புக்குள் அனுப்ப வழி உண்டா? உபுண்டு லினக்ஸ், யூஎஸ்பி மைக், சாதாரண வயர் இயர்போன். இல்லை, மிக்சர்தான் வாங்க வேண்டுமா?

செப்டம்பர் 2, இரவு 10.20

மிக்சர் வேண்டாம் தம்பி. சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளுக்குப் போகும் செலவு மிச்சம்.

முதலில் சுருதி ஏன் மறைகிறது என்று பார்ப்போம். பிரௌசரில் ஓடும் கூட்ட நிரல்கள் பெரும்பாலானவற்றில் இரைச்சல் நீக்கும் வசதி உள்ளே இருக்கிறது. ஏற்ற இறக்கமில்லாமல் நீடித்து ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். மின்விசிறி, ஏர்கான், தம்பூரா மூன்றும் அதற்கு ஒரே ரகம். கண்டுகொள்ள ஒரு நொடி எடுக்கும், அதனால்தான் ஆசிரியருக்கு ஒரு நொடி கேட்டுவிட்டு அடங்குகிறது. சுருதியை எந்த வழியாக அனுப்பினாலும் இந்த வசதியை நிறுத்தாவிட்டால் பயனில்லை. ஜூம் என்றால் இசைக் கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பைத் தேடுங்கள். மற்றவற்றிலும் ஒலி அமைப்புகளுக்குள் தேடிப் பாருங்கள்.

அதை நிறுத்தியதும் க்யூபிடபிள்யூகிராஃப் என்ற நிரலை நிறுவுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு பெட்டியாகத் திரையில் தெரியும். பெட்டியின் வலப்பக்கம் ஒலி வெளியேறும் துளைகள், இடப்பக்கம் உள்ளே வரும் துளைகள். விஎல்சியின் வெளித்துளையில் சுட்டியை அழுத்திப் பிடித்து, பிரௌசரின் உள்துளை வரை இழுத்து விடுங்கள். ஒரு கோடு விழும். அவ்வளவுதான், சுருதி வகுப்புக்குள் போய்விடும். மைக்கிலிருந்து ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் கோடும் அப்படியே இருக்கட்டும். ஒரே துளைக்குள் இரண்டு கோடுகள் வந்தால் அவை தாமாகவே கலந்துகொள்ளும்.

செப்டம்பர் 3, காலை 6.50

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். உங்களுடையது எந்த உபுண்டு என்று கேட்டிருக்க வேண்டும். டெர்மினலில் ‘பாக்டிஎல் இன்ஃபோ’ கட்டளையைக் கொடுத்து, சர்வர் பெயர் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். வெறும் பல்ஸ்ஆடியோ என்று வந்தால் நான் சொன்னது வேலை செய்யாது. பக்கத்திலேயே பைப்வயர் என்றும் வந்தால் வேலை செய்யும். இரண்டும் லினக்ஸில் நிரல்களுக்கு இடையே ஒலியைக் கொண்டுபோகிறவை, பல்ஸ்ஆடியோ பழையது, பைப்வயர் புதியது.

செப்டம்பர் 3, இரவு

உபுண்டு 22.04 என்கிறீர்கள், க்யூபிடபிள்யூகிராஃபைத் திறந்தால் கேமரா மட்டும்தான் தெரிகிறது என்கிறீர்கள். நான் பயந்தது இதற்குத்தான்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பைப்வயரை எழுதிய விம் டைமன்ஸ் அதைத் தொடங்கியது படத்துக்காக, அதாவது கேமராவையும் திரைப் பகிர்வையும் பல நிரல்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக. ஒலி பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2021இல் 34ஆம் பதிப்பிலேயே ஒலியையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டது. உபுண்டு 22.10இல்தான் அந்தப் பக்கம் வந்தது. ஆகவே உங்கள் 22.04இல் பைப்வயர் இருக்கிறது, ஆனால் படத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஒலி இன்னும் பழைய பல்ஸ்ஆடியோவின் கையில்.

செப்டம்பர் 4

பல்ஸ்ஆடியோவிலும் செய்யலாம், கோடு இழுக்கும் சுகம்தான் இருக்காது. அங்கே ஒரு பொய் ஸ்பீக்கரை உருவாக்க வேண்டும். நல் சிங்க் என்பார்கள். நான் அதைக் கூடை என்று சொல்லிக்கொள்வேன். கூடைக்குள் போகும் ஒலி எந்த ஸ்பீக்கரிலும் கேட்காது, ஆனால் அதன் ‘மானிட்டர்’ என்ற வாயிலிருந்து வேறொரு நிரல் எடுத்துக்கொள்ளலாம். விஎல்சியைக் கூடைக்குத் திருப்புங்கள். மைக்கை ஒரு லூப்பேக் (ஓரிடத்து ஒலியை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) மூலம் கூடைக்குள் விடுங்கள். கூடையின் மானிட்டரை இன்னொரு லூப்பேக் மூலம் இயர்போனுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்குச் சுருதி கேட்காது. பிரௌசரில் மைக்குக்குப் பதிலாகக் கூடையின் மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள்.

குரோம் என்றால் அந்தப் பட்டியலில் மானிட்டர் தெரியாது, அது மறைத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் தெரியும். குரோம்தான் வேண்டுமென்றால் பல்ஸ்ஆடியோவின் துணைப்பகுதியான ரீமேப் சோர்ஸ் மாட்யூலைப் போட்டு மானிட்டருக்கு மைக் வேஷம் கட்டிவிடலாம்.

செப்டம்பர் 7, சனி மாலை

அம்மா திணறிப்போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்வரம் சொல்லவே நாக்குப் புரளவில்லை, ஆசிரியர் உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். தவறு முழுக்க என்னுடையது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். மைக்கும் சுருதியும் ஒரே கூடையில். அந்தக் கூடையை அப்படியே இயர்போனுக்கு அனுப்பச் சொன்னேன். அம்மா பாடியது மைக்கிலிருந்து ஒரு லூப்பேக் வழியாகக் கூடைக்குள் போய், இன்னொரு லூப்பேக் வழியாக அவர் காதுக்கே திரும்பியிருக்கிறது. பல்ஸ்ஆடியோவின் லூப்பேக் மாட்யூலுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் 200 மில்லிசெகண்ட் தாமதத்தை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டைத் தாண்டினால் கிட்டத்தட்ட அரை விநாடி. தன் குரலே பிந்தி வந்து காதில் விழுந்தால் யாருக்கும் பேச்சு குழறும்.

கூடை இரண்டு வேண்டும். சுருதிக்கூடையில் விஎல்சி மட்டும். அனுப்பும் கூடையில் மைக், கூடவே சுருதிக்கூடையிலிருந்து ஒரு லூப்பேக். இயர்போனுக்குப் போவது சுருதிக்கூடை மட்டும்தான். பிரௌசர் எடுத்துக்கொள்வது அனுப்பும் கூடையை. லூப்பேக் ஒவ்வொன்றுக்கும் தாமதத்தை 20 என்று எழுதிக் கொடுங்கள். கரகரத்தால் 30, 40 என்று ஏற்றிப் பாருங்கள்.

இப்படி எழுதினால் தலை சுற்றும், எனக்கே சுற்றுகிறது. ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் மூன்று வாய்: மைக், சுருதி, ஆசிரியரின் குரல். வலப்பக்கம் இரண்டு காது: அம்மாவுடையது, ஆசிரியருடையது. எந்த வாயின் சத்தம் எந்தக் காதுக்குப் போக வேண்டும் என்று கோடு போடுங்கள். மைக் ஆசிரியருக்கு. சுருதி இருவருக்கும். ஆசிரியரின் குரல் அம்மாவுக்கு மட்டும். அது அவருக்கே திரும்பினால் எதிரொலி. மொத்தம் நான்கு கோடுகள். வானொலி நிலையத்தில் தொலைபேசியில் பேசுகிறவருக்கு அவர் குரலை மட்டும் கழித்து மற்றதை அனுப்புவார்களே, மிக்ஸ்-மைனஸ் என்று, அதே கணக்குதான். இந்தத் தாளை நான் செப்டம்பர் 2 அன்றே கேட்டிருக்க வேண்டும். கணினியில் கை வைக்கும் முன் தாளில் போட்டுப் பார்த்திருந்தால் மைக்கிலிருந்து அம்மாவின் காதுக்கு ஐந்தாவதாக ஒரு கோடு கிடப்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது சிங்கப்பூரின் கொரோனா முடக்கம். என் பெரியம்மா பிடோக்கில் எங்களோடுதான் இருந்தார். அதற்கு முன்பு கோயிலுக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து தேவாரம் பாடுவார். அது நின்றதும் ஆள் சோர்ந்துவிட்டார். சிதம்பரத்தில் ஓர் ஓதுவார் இணையத்தில் சொல்லிக் கொடுக்கிறார் என்று தெரிந்து சேர்த்துவிட்டேன். முதல் வகுப்பில் உங்களுக்கு நடந்ததேதான் எங்களுக்கும். பெரியம்மா மின்சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாடினார். அந்தப் பக்கம் சுருதி போகவில்லை. ஓதுவார் நல்ல மனிதர், நன்றாக இருக்கிறது அம்மா என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவுக்கு அது போதவில்லை. “சுருதி கேக்காம அவர் எதை வெச்சு நல்லா இருக்குன்னு சொல்றார்?” என்று என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போது நான் ஜாக் என்ற ஒலி இணைப்பு நிரலை வைத்திருந்தேன். பால் டேவிஸ் எழுதியது, 2000களின் தொடக்கத்திலிருந்து லினக்ஸில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் அதைத்தான் நம்பியிருந்தார்கள். நிரலுக்கு நிரல் கோடு இழுக்கும் அழகு அங்கேதான் எனக்குப் பழக்கம். ஆனால் ஜாக்கின் பாஷை தெரிந்த நிரல்தான் ஜாக்கோடு பேசும். பிரௌசருக்குத் தெரியாது. நடுவில் பல்ஸ்ஆடியோவைப் பாலமாகப் போட்டேன். பாலம் நின்றதும் யூஎஸ்பி மைக் படுத்துக்கொண்டது, ஏனென்றால் ஜாக் ஓர் ஒலிக்கருவியின் கடிகாரத்தை மட்டும்தான் பின்பற்றும். மூன்று நாள் போனது.

அந்தக் கடிகாரச் சங்கதி முக்கியம், உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் யூஎஸ்பி மைக் ஒரு கருவி, இயர்போன் சொருகியிருக்கும் துளை இன்னொரு கருவி. இரண்டும் விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவெடுப்பு) என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டிலும் கடிகாரமாக இருக்கும் படிகம் வேறு வேறு. பத்து லட்சத்தில் 50 என்ற அளவு வித்தியாசம் இருந்தாலே விநாடிக்கு 2.4 சாம்பிள் விலகும், மணிக்கு 8,640 சாம்பிள், அதாவது 0.18 விநாடி. பெரியம்மாவின் வகுப்பைக் கைப்பேசியிலும் கணினியிலும் சேர்த்துப் பதிவு செய்து, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் ஒட்டியிருந்த கைத்தட்டல் வகுப்பின் முடிவில் இரண்டு கைத்தட்டலாகக் கேட்டது. பல்ஸ்ஆடியோவும் பைப்வயரும் இந்த விலகலை அவ்வப்போது சரிக்கட்டிக்கொண்டே வரும், அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஜாக்கில் அதற்கென்று தனி நிரல் ஒன்றை ஓட்ட வேண்டும். அதை நான் நான்காம் நாள்தான் கண்டுபிடித்தேன்.

நான்காம் நாள் சுருதி சிதம்பரம் போனது. இரைச்சல் நீக்கத்தை நிறுத்தியிருந்ததால் எங்கள் புளோக்குக்குப் பின்னால் மரத்தில் கத்தும் குயிலும் சேர்ந்தே போனது. ஓதுவார் பாட்டை நிறுத்திவிட்டு, சிங்கப்பூரிலும் குயில் உண்டா என்று கேட்டார். பெரியம்மா ஜன்னலைத் திறந்து வைத்து அவரைக் கேட்க வைத்தார்.

செப்டம்பர் 10

ஆசிரியரோடு சேர்ந்து பாட முடியுமா என்ற கேள்விக்கு: முடியாது, எந்த நிரலாலும் முடியாது. சிங்கப்பூரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு வழிக்கே 15 மில்லிசெகண்ட், அதுவும் கம்பி நேராகப் போனால். அதன்மேல் ஒலியைச் சுருக்கும் ஓப்பஸ் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக அனுப்புகிறது. இருபுறமும் சேமித்து வைத்து வாசிக்கும் தாமதம் வேறு. காற்றில் ஒலி 20 மில்லிசெகண்டில் 7 மீட்டர் போகிறது. மிருதங்கக்காரர் கூடத்தின் அடுத்த கோடியில் உட்கார்ந்தாலே தாளம் இழுபடுமே, இது அதைப்போலப் பல மடங்கு.

ஆனால் சுருதிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு முன்னும் பின்னும் இல்லை. அரை விநாடி பிந்திப் போனாலும் சட்ஜமம், அந்த அடிப்படை ஸ்வரம், சட்ஜமம்தான். அதனால்தான் ஓதுவார் பெரியம்மாவுக்குச் சுத்தாங்கமாக, தாளமில்லாமல் பாடுவதை முதலில் எடுத்துக்கொண்டார். தாளத்தோடு பாடும் பண்ணாங்கம் வந்தபோது, நீங்கள் போட்டுப் பாடுங்கள், நான் கேட்கிறேன் என்று விட்டுவிட்டார். உங்கள் ஆசிரியரும் அப்படித்தான் செய்வார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 11

மேலே எழுதியதைப் படித்தபோது இன்னொன்று தோன்றியது. சுருதிக்கு நேரக்கணக்கு இல்லையென்றால் அதை அனுப்பவே தேவையில்லையே? அம்மா தன் பக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், ஆசிரியர் தன் பக்கம் அதே கட்டையில், அதாவது அதே சுருதி அளவில், ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். கூடை, கோடு எதுவும் வேண்டாம். ஒரு வாரமாக உங்களைச் சுற்றவிட்டுவிட்டு இதைச் சொல்வது எனக்கு வருத்தம்தான். ஆனால் சும்மா கிடைக்கும் வழியை முதலில் முயன்று பாருங்கள். அம்மாவுக்கு 5 கட்டை என்று சொன்னீர்கள் அல்லவா, ஆசிரியரையும் 5 வைக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, சனி

சரி, அதுவும் ஆகவில்லை. உங்கள் வர்ணனையே போதும்: “ரெண்டு சுருதியும் சேர்ந்து அலை மாதிரி எழும்பி எழும்பி அடங்குது.” ஆசிரியருடையது பழைய பெட்டி, திருகு வைத்தது. 5 கட்டை சட்ஜமம் 196 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். உங்கள் கோப்பு 196, அவர் பெட்டி 197 என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஓர் அலை எழும்பும். தம்பூராக் கம்பியைச் சேர்க்கும்போது நாம் தேடித் தேடிப் போக்குவது இதைத்தான். அவரைத் திருகைத் தொடச் சொல்லலாம், ஆனால் பெட்டி சூடேறியதும் மறுபடி நகரும். அவர் காதில் விழும் சுருதியும் அம்மா பிடித்துப் பாடும் சுருதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே அனுப்பத்தான் வேண்டும். 11ஆம் தேதி எழுதியதை மறந்துவிடுங்கள். பெட்டி இரண்டும் திருகு இல்லாமல் கச்சிதமாக ஒத்துப்போகிறவர்களுக்கு மட்டும் அது சரி.

செப்டம்பர் 15

புளூடூத் ஹெட்செட் வாங்கித் தரட்டுமா என்றால், வேண்டாம். பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கும். அதன் மைக்கைத் திறந்த கணமே தொலைபேசி முறைக்கு மாறிவிடும். பிறகு 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளில் ஒற்றைத் தடம், பழையவற்றில் 8 கிலோஹெர்ட்ஸ்தான். தம்பூராவின் ரீங்காரம் போய் தகர டப்பா மிஞ்சும். வயர் இயர்போனே இருக்கட்டும். ஆசிரியரும் இயர்போன் போடுவது நல்லது, இல்லாவிட்டால் அவர் ஸ்பீக்கரில் வரும் சுருதி அவர் மைக் வழியாகத் திரும்ப வரும்.

விண்டோஸிலும் மேக்கிலும் இதற்கு என்ன நிரல் என்று வேறொருவர் கேட்டிருந்தார்: விண்டோஸ் என்றால் வாய்ஸ்மீட்டர் அல்லது விபி-கேபிள், மேக் என்றால் பிளாக்ஹோல். தாளில் போடும் நான்கு கோடுகள் எல்லாவற்றிலும் அதேதான்.

செப்டம்பர் 19

24.04 புதிதாக நிறுவிவிட்டீர்கள், மிகவும் சந்தோஷம். சர்வர் பெயரில் பைப்வயர் வந்துவிட்டது. இனி கூடை, லூப்பேக் எதுவும் வேண்டாம், முதல் நாள் சொன்ன கோடு இப்போது விழும். சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. எட்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எழுதி எழுதி மூன்று வாரம் ஆகப்போகிறது, நேரில் பத்து நிமிடம்.

செப்டம்பர் 21, சனி மாலை

பத்து நிமிடம் இல்லை, நாற்பது ஆனது. அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

வகுப்பு திறந்த பிறகுதான் பிரௌசரின் பெட்டி திரையில் வரும். அதற்கு முன்பு தேடிப் பயனில்லை. விஎல்சிக்கு இடம், வலம் என்று இரண்டு வெளித்துளைகள். பிரௌசருக்கு ஒரே உள்துளை. இரண்டையும் அதற்குள் இழுத்துவிட்டேன், சுருதி இடித்துக்கொண்டு கேட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால் கூடி இரட்டிப்பாகிவிட்டது. வலத்தை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் விட்டோம். அப்புறம் விஎல்சியின் ஒலியளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். 30க்கு வந்தபோது ஆசிரியர் கையைக் காட்டினார்.

மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மாவே எழுந்துபோய் நிறுத்தினார்.

ஆசிரியர் இயர்போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு சட்ஜமத்தைப் பிடிக்கச் சொன்னார். பிறகு பஞ்சமம். அம்மா நிறுத்தியதும் அவர் சொன்னார்: “பஞ்சமம் ஒரு நூல் ஏறுது. எப்பவுமே இப்படித்தானா, இல்ல இன்னிக்கு மட்டுமா?” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமாக ஆசிரியர் அப்படி ஒன்றைச் சொன்னதில்லையாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எடுத்தார், இந்த முறை சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் நீண்ட நேரம் நின்றார்.

செப்டம்பர் 28

பிரௌசரை மூடித் திறந்தால் கோடு அறுந்துவிடும் என்று அன்று சொல்லவில்லை. க்யூபிடபிள்யூகிராஃபில் பேட்ச்பே என்ற பட்டியலுக்குள் இப்போதைய கோடுகளைச் சேமித்து, ‘ஆக்டிவேட்டட்’ என்பதை இயக்கி, நிரலைத் திறந்தபடியே வையுங்கள். பிரௌசர் பெட்டி வந்ததும் கோடு தானாக ஒட்டிக்கொள்ளும். இன்று அப்படி ஒட்டிக்கொண்டது என்று அம்மாவே எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். பின்னால் சுருதி கேட்கிறது.